பொந்து எண் பதினொன்று

பன்குளம் தாண்டி
லேண்ட்மாஸ்டர் தடம் முடிகிற இடத்தில்
சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே போவேன்.
காலை ஐந்தே முக்கால்.
கையில் நீளத் தடி,
நுனியில் ஒரு மோட்டார்சைக்கிள் கண்ணாடி.
அதன் சோடி இன்னும்
நவரூபனின் வண்டியில் இருக்கிறது.

என் வேலை எட்டிப் பார்ப்பது.
பிறர் வீட்டுக்குள், கேளாமல்.
முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை,
ஒன்றுமில்லாதது எத்தனை.
சம்பளம் மாதம் முடிந்து பத்தாம் நாள் வரும்,
சில மாதம் வராது.

பாதைக்கு வலப்பக்கம் தேக்கு.
அரசாங்கம் நட்டது. ஒரே வயசு, ஒரே உயரம்,
காலைக்கூட்டத்துக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி.
முதுமரம் இல்லாத காட்டில் பொந்து ஏது?
மூன்று மாதத்தில் அங்கே நான் எழுதியது
ஒரேயொரு தையற்சிட்டு.
அதுவும் தேக்கில் இல்லை,
யாரோ தின்று துப்பி முளைத்த கொய்யாவில்,
இரண்டு இலையைக் கூட்டித் தைத்திருந்தது.
நூல்? உரப்பையின் நைலோன்.

இடப்பக்கம் பழைய காடு.
பாலை, வீரை, பனிச்சை, சூரைமுள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.
கீழே சருகு, சருகுக்கு அடியில் ஈரம்,
ஈரத்துக்குள் நெளிகிறது குஞ்சுகளின் சாப்பாடு.
சோலைபாடி அங்கேதான்.
ஒன்றிலிருந்து பத்தொன்பது வரை
பொந்துகளுக்குச் சிவப்பு மையால் எண் போட்டது நான்.
பாதிக்கு மேல் பட்டமரங்கள்.

'பட்டமரத்துக்கு யாரு தங்கச்சி கணக்கு வெச்சிருக்கா?'
என்பார் மர்சூக் நானா.
சீனக்குடா பேக்கரிக்கு விறகு ஏற்றுகிறவர்.
பச்சை மரத்தில் கை வைக்கமாட்டார்.
செத்ததுதானே, இதில் என்ன பாவம் என்பார்.
இந்த வேலைக்கு வரும்வரை
நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.
கொப்பியைக் காட்டினேன்.
ஒன்பது: நான்கு முட்டை.
பதினான்கு: மூன்று குஞ்சு, முழுக்க வாய்.
நெடுநேரம் பார்த்துவிட்டு
எழுத்துப் பொடி, கண்ணாடி கொண்டுவரல்ல என்றார்.

பொந்து பதினொன்று.
பட்ட பாலை, என்னைவிட ஒரு முழம் உயரத்தில் வாய்.
பங்குனியில் இரண்டு தரம் கூடு வைத்து
இரண்டு தரமும் விட்டுப்போன சோடி.
உடைந்த ஓடு இல்லை. பாம்பு வந்த தடம் இல்லை.
நூறு எட்டில் கல் உடைக்கிற புது இயந்திரம்.
படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
சத்தம் என்று எழுதலாம். தூசி என்று எழுதலாம்.
பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பது வருசம் முகாமில் இருந்தோம் நானும் நவரூபனும்.
தகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு பொலித்தீன்.
அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் இருமல்,
இந்தப் பக்கம் தண்ணீர் பவுசருக்கு
இரண்டு மணிக்கே வாளி வைக்கிறவர்கள்.
ஏன் இன்னும் என்று கேட்டாள் கிளினிக் நேர்ஸ்.
அவளுடைய படிவத்திலும் அதே அளவில் ஒரு கட்டம்.
இருவருக்கும் குறையில்லை என்றது ரிப்போட்.
கல்வீடு கிடைத்தபோது எனக்கு நாற்பத்தொன்று.

குருவியும் நானும் ஒன்று என்று சொல்ல வரவில்லை.
அது அடுத்த மரத்துக்குப் பறந்துவிடும்,
அடுத்த மரம் இருந்தால்.

வருசப்பிறப்புக்கு இயந்திரம் நின்றது.
நாலாம் நாள் போனேன்.
மூன்றாம் எண் மரம் இல்லை.
மரத்தூளுக்குள் ஒரு சில்லு,
அதில் என் சிவப்பு மையின் வளைவு.
பேக்கரியில் அந்த வாரம் நல்ல வேலை.
பதினொன்று நின்றது.
அதைச் சுற்றி டயர் தடம் ஒருமுறை வந்து
திரும்பிப் போயிருந்தது.

கண்ணாடியை உயர்த்தினேன்.
புது நார். காய்ந்த இலை. இருட்டு.
இருட்டுக்குள் இன்னொரு இருட்டு,
ஈரமாக, உருண்டையாக, இமைத்தது.
தன்னையே பார்த்ததோ, என்னையோ.
தடியை இழுத்துக்கொண்டேன்.

'முட்டை' என்ற கட்டத்தில்
பார்க்கவில்லை என்று எழுதினேன்.
இன்று வெள்ளி.
திங்கள் காலை கல் உடைக்க வருவார்கள்.